அத்தியாயம் 7: பழைய காருக்கு சிடி சேஞ்சர் பொருத்துவது

சிடி சேஞ்சர் பூட்ட ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஜார்ஜ்டவுனின் லோரோங் கூலிட் சந்தையிலோ, தெரிந்தவர் வீட்டு ஸ்டோரிலோ பத்துத் தட்டு சேஞ்சர் ஒன்று மலிவாகக் கண்ணில் படும். உடனே வாங்கிவிடுவார்கள். அதன் வாயரை எங்கே சொருகுவது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழும். சேஞ்சர் தானாகப் பாடும் கருவி அல்ல. தட்டுகளை அடுக்கிச் சொருகும் மேகசினை வெளியே தள்ளும் பொத்தானைத் தவிர அதில் வேறு பொத்தான் இருக்காது. பாட்டை மாற்றுவதும் தட்டை மாற்றுவதும் டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோவின் வேலை. ஆகவே முதலில் கழற்ற வேண்டியது ரேடியோ. சேஞ்சரைக் கடைசியில் வாங்கினால் போதும்.

கைப்பேசியில் இல்லாத பாட்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பாட்டு மட்டும் போதும் என்றால் ஒரு புளூடூத் ரேடியோ வாங்கி மாட்டிவிட்டு இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். அதுதான் சுலபம், செலவும் குறைவு. 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1993-இன் வீரா, 1994-இன் பெரோடுவா கஞ்சில் போன்ற கார்களை அவற்றின் காலத்து முகத்தோடு வைத்திருக்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அலமாரி நிறைய இளையராஜா தட்டுகளும், 1998-இல் வந்த போயடிக் அம்மோவின் முதல் தட்டும், 2006-இல் யோகி பி – நட்சத்ரா வெளியிட்ட ‘வல்லவன்’ தட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைப் போட ஒரு கருவி இல்லாதவர்களுக்கும் இது உதவும்.

ரேடியோவின் முதுகில் என்ன இருக்கிறது

பேட்டரியின் நெகட்டிவ் வாயரை முதலில் கழற்றுங்கள். சில கார்களின் ரேடியோ, மின்சாரம் அறுந்து திரும்பி வந்ததும் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கழற்றுவது நல்லது. இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு ரேடியோ ஊமையாக உட்கார்ந்திருக்கும். பிறகு ரேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து, ஸ்குரூவைத் தளர்த்தி, ரேடியோவை மெதுவாக முன்னால் இழுங்கள். அதன் முதுகைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கடைக்குப் போகும்போது வாயால் விளக்குவதைவிட அந்தப் படத்தைக் காட்டுவது பத்து மடங்கு பயன் தரும்.

முதுகில் தேட வேண்டியது சேஞ்சருக்கான தனிச் சொருகு. சோனியில் அதன் பெயர் யூனிலிங்க்; வட்டமான ஒரு சொருகும், பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ ஓட்டைகளும் இருக்கும். பயனியரில் ஐபி-பஸ், அல்பைனில் ஏஐ-நெட், கிளாரியனில் சி-பஸ் அல்லது அதற்குப் பின் வந்த சிஇ-நெட். கென்வூட்டும் ஜேவிசியும் தங்களுக்கென்று வேறு சொருகு வைத்திருந்தன. ஒரு கம்பெனியின் சேஞ்சர் இன்னொரு கம்பெனியின் ரேடியோவோடு பேசாது. அதைவிட வயிற்றெரிச்சல், ஒரே கம்பெனிக்குள்ளேயே பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும் ஒத்துப்போகாது என்பது. அல்பைனின் பழைய எம்-பஸ் சேஞ்சரை ஏஐ-நெட் ரேடியோவில் நேராகச் சொருக முடியாது. ‘ரெண்டும் அல்பைன்தானே, போடலாம்’ என்று கடையில் சொன்னால் காசை எடுக்காதீர்கள். இரண்டையும் மேசைமேல் வைத்து, 12 வோல்ட் கொடுத்து, பாடவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் நம் நிபோங் திபால் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. பிறையில் சோனிக்குத் தொழிற்சாலை இருந்தது; அதை மூடப்போவதாக 2021 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். பாயான் லெப்பாஸில் கிளாரியன் இருந்தது. தொழிற்சாலை பஸ் ஏறிப் போய் வேலை பார்த்தவர்கள் சுங்கை பாக்காப்பிலும் ஜாவியிலும் நிபோங் திபால் தாமான்களிலும் இருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள். ஸ்டீரியோவைப் பூட்டிச் சோதித்துப் பழகிய ஒருவரோடு அரை மணி நேரம் டீ குடித்தால், கடைக்காரர் சொல்லாத பல விஷயங்கள் தெரியவரும்.

சேஞ்சர் சொருகு இல்லையென்றால்

சாகாவிலும் வீராவிலும் கம்பெனியே போட்டுக் கொடுத்த கேசட் ரேடியோக்கள் பலவற்றில் சேஞ்சர் சொருகு கிடையாது. அதற்காக ரேடியோவைத் தூக்கி எறியாதீர்கள் என்பதே என் கட்சி. ரேடியோவின் வாய் ஆன்டெனாதான். அதன் வழியாகப் பாட்டை உள்ளே அனுப்பலாம். இதற்கு எஃப்எம் மாடுலேட்டர் என்ற சிறிய பெட்டி தேவை. சேஞ்சரிலிருந்து வரும் ஒலியை அது ஒரு குறிப்பிட்ட எஃப்எம் அலைவரிசையாக மாற்றும். அந்த எண்ணுக்கு ரேடியோவைத் திருப்பினால் சிடி பாடும்.

மாடுலேட்டர் இரண்டு வகை. ஒன்று காற்றில் அனுப்புவது, இன்னொன்று வாயரில் இணைப்பது. நிபோங் திபாலில் இருப்பவர்கள் முதல் வகையை வாங்கவே வேண்டாம். நாம் பினாங்கின் தென்கோடியில், கிரியான் ஆற்றோரம், பேராக் எல்லையில் இருக்கிறோம். வடக்கே குனோங் ஜெராயிலிருந்து கெடா – பினாங்குக்கான நிலையங்கள் வருகின்றன. தெற்கே தைப்பிங் பக்கம் புக்கிட் லாருட்டிலிருந்து பேராக்குக்கான நிலையங்கள் வருகின்றன. மின்னலும் ராகாவும் இங்கே இரண்டிரண்டு எண்ணில் கேட்பது அதனால்தான். இவ்வளவு நெரிசலில் காலியான எண் கிடைப்பது கஷ்டம். நிபோங் திபாலில் காலியாக இருந்த எண், புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்வதற்குள் வேறொரு நிலையத்தின் பேச்சோடு கலந்துவிடும்.

வாயரில் இணைக்கும் மாடுலேட்டருக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. ஆன்டெனா வாயரை ரேடியோவிலிருந்து பிடுங்கி மாடுலேட்டரில் சொருக வேண்டும். மாடுலேட்டரின் வாயர் ரேடியோவுக்குப் போகும். நல்ல மாடுலேட்டர், சிடி பாடும்போது வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிடும். அணைத்ததும் ரேடியோ பழையபடி நிலையங்களைப் பிடிக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: ஆன்டெனாவைத் துண்டிக்குமா, துண்டிக்காதா?

ஒலித்தரத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கிறது. சிடியில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி உண்டு. எஃப்எம் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஏனென்றால் ஸ்டீரியோவுக்கான குறியலை 19-இல் உட்கார்ந்திருக்கிறது. சிம்பலின் கடைசி மினுமினுப்பு கொஞ்சம் போகும். ஜன்னல் ஓரம் காற்று இரையும் முப்பது வயதுச் சாகாவில் அதைக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் ரேடியோவையே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாடுலேட்டரோடு சேர்ந்தே விற்கப்பட்ட சேஞ்சர்களும் உண்டு. சோனியில் மாதிரி எண்ணின் முடிவில் ‘ஆர்எஃப்’ என்றும், பயனியரில் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்எம்’ என்றும் இருக்கும். இவற்றுக்கு எந்த ரேடியோவும் சரிவரும். தட்டு எண் காட்டும் சிறு திரையும் பொத்தானும் தனியாக வரும். பழைய காருக்கு என் முதல் தேர்வு இவைதான். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பெட்டி, திரை, மாடுலேட்டர், வாயர் நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். திரை இல்லாத செட் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ஹாஃப்கட் கடையில் கவனிக்க வேண்டியது

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ரேடியோவும் சேஞ்சரும் ஒரே ஜோடியாகக் கிடைப்பதுண்டு. ஜோடியாக இருப்பதால் ஒன்றோடொன்று பேசும். அது பெரிய நன்மை. ஆனால் ஜப்பானில் எஃப்எம் வெகுகாலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. அந்த ரேடியோவில் நம் நிலையங்களில் பெரும்பாலானவை வராது. சிடி மட்டும் கேட்பவருக்கு அது குறை இல்லை. காலையில் செய்தி கேட்கிறவர் வீட்டுக்குப் போய்த்தான் தலையில் கை வைப்பார்.

சேஞ்சரைக் கையில் எடுத்ததும் மேகசின் இருக்கிறதா என்று பாருங்கள். மேகசின் இல்லாத சேஞ்சர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மேகசின் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை மட்டும் தேடி அலைவது வீண். பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒரு தட்டைப் போட்டு, எல்லா இடங்களையும் பாடவையுங்கள். முதல் தட்டு மட்டும் பாடிவிட்டால் சரி என்று முடிவு கட்டக்கூடாது. தட்டைத் தூக்கி இறக்கும் சட்டம் கடைசித் தட்டில்தான் பெரும்பாலும் சிக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் பல வருடத்தில் இறுகிப்போயிருக்கும்.

ஆறு தட்டா, பத்தா, பன்னிரண்டா? ஒரு தட்டில் 74 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு தட்டுக்கு ஏழரை மணி நேரம் கிட்ட வருகிறது. இங்கிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பும் வழியில் பெரும்பகுதிக்கு அது போதும். பன்னிரண்டு தட்டுப் பெட்டி உயரம் அதிகம், மேகசினும் கிடைப்பது அரிது. ஆறே என் பரிந்துரை.

எங்கே வைப்பது

சாகாவிலும் வீராவிலும் பூட். கஞ்சிலின் பூட்டில் ஒரு அரிசி மூட்டை வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். அங்கே முன் சீட்டுக்கு அடியில் அளந்து பாருங்கள். சேஞ்சர் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், மேகசின் வெளியே வர முன்னால் இன்னொரு 15 சென்டிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். இதை மறந்து பொருத்திவிட்டு, மேகசின் சீட் தண்டவாளத்தில் முட்டி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டின் தரையில் வைப்பதைவிடப் பக்கச் சுவரில் உயர்த்தி வைப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கம் கொட்டும் மழையில் பழைய காரின் பூட் ரப்பரும் பின்விளக்கின் கேஸ்கெட்டும் தண்ணீர் விடும். பொருத்துவதற்கு முன்னால் ஒருவரை டார்ச் லைட்டோடு பூட்டுக்குள் உட்காரவைத்து, வெளியே இருந்து ஹோஸில் தண்ணீர் அடியுங்கள். எங்கே கசிகிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிரியான் ஆறு பொங்கினால் தண்ணீர் ஏறும் பகுதியில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

ஓட்டை போடுமுன் காரின் அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் தொட்டியும் அதன் குழாயும் பிரேக் குழாயும் பின்பக்கத் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன. டிரில் முனையில் ஒரு டேப்பைச் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எதையும் மாட்டாதீர்கள்.

இப்போது எல்லாரும் தவறவிடும் இடம். சேஞ்சரின் இரு பக்கமும் சிறிய வட்டத் திருகு ஒன்று இருக்கும், பக்கத்தில் கிடை, செங்குத்து, 45 பாகை என்று குறி. உள்ளே லேசர் பகுதி ஸ்பிரிங்கில் தொங்குகிறது; அந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதை இந்தத் திருகுதான் முடிவு செய்கிறது. படுக்கவைத்தால் கிடைக் குறிக்கும், நிறுத்திவைத்தால் செங்குத்துக் குறிக்கும் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே குறியில் இருப்பது கட்டாயம். ஒரு பக்கம் மாறியிருந்தால் ஓடாத காரில் அருமையாகப் பாடும். முதல் வேகத்தடையில் திக்கும். அப்புறம் லேசர் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்ல, அதை மாற்றக் காசு கொடுப்போம். புதுப் பெட்டியாக இருந்தால் அடியில் சிவப்பு நிறப் பயணத் திருகுகள் இருக்கலாம். அவற்றைக் கழற்றி ஒரு பையில் போட்டு குளோவ் பாக்ஸில் வையுங்கள். வேறு காருக்கு மாற்றும்போது மறுபடி தேவைப்படும்.

வாயர்

வெளியில் வாங்கும் ஸ்டீரியோவில் மஞ்சள் வாயர் எப்போதும் 12 வோல்ட்; சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது; கறுப்பு எர்த். காரின் சொந்த வாயரில் இந்த நிறங்கள் இருக்கும் என்று நம்பாதீர்கள். டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள். அவசரக் கடைகளில் மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். அதை எப்போதும் உயிரோடு இருக்கும் வாயரில் கட்டினால் சேஞ்சர் ராத்திரியெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். சாவியோடு வரும் வாயரில் கட்டினால், ஒவ்வொரு முறையும் எந்தத் தட்டு, எந்தப் பாட்டு என்பது மறந்து முதல் தட்டிலிருந்து தொடங்கும். பூச்சோங் போகும் வழியில் நான்கு கடையில் நிறுத்தினால் நான்கு முறையும் அதே பாட்டுதான்.

சேஞ்சர் இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியர் அளவுதான், தட்டு மாற்றும்போது சற்றுக் கூடும். ரேடியோவின் வாயரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பேட்டரியிலிருந்து தனியாக இழுப்பதாக இருந்தால் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பூட்டில் போட்ட ஃபியூஸ், நடுவில் தகரத்தில் உரசி அறுபடும் வாயரைக் காப்பாற்றாது.

பூட்டிலிருந்து டேஷ்போர்டு வரை வாயர் ஐந்து மீட்டரைத் தாண்டும். கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில், பின் சீட்டின் கீழ் கொண்டு போங்கள். மின்சார வாயர் ஒரு பக்கம் என்றால் ஒலி வாயர் மறுபக்கம். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். இணைப்புகளைக் கறுப்பு டேப்பில் சுற்றி முடிப்பது நம் வெயிலுக்கு ஆகாது. ஒரு வருடத்தில் பசை உருகி டேப் வழுக்கிவிடும். ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் மாட்டுங்கள்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில் ஏறுகிறது என்றால், ரேடியோவின் எர்த்தும் சேஞ்சரின் எர்த்தும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு தரத்தில் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பெரும்பாலும் பொருள். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரம் தெரிந்த பிறகு போல்ட் முறுக்கி, துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசுங்கள். விசில் போகவில்லை என்றால் சேஞ்சரின் எர்த்தை ரேடியோவின் எர்த் இருக்கும் இடத்துக்கே கொண்டு போங்கள். ஃபில்டர் வாங்கிப் போடுவது கடைசி வழி.

ஓட்டிப் பார்ப்பது

கார்ப்பெட்டைத் திரும்ப மூடுவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள். பைராம் தோட்டத்துப் பக்கம் செம்பனை லோரி ஓடிக் குழி விழுந்த பாதையில் மெதுவாக ஒரு முறை போய் வந்தால் ஸ்பிரிங் திருகு சரியா என்று தெரியும். பெரிய குழியில் ஒரு நொடி நின்று தொடர்ந்தால் குறை சொல்லாதீர்கள். தட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு நடுவே இருப்பது 1.6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் அறுநூறு தடத்துக்கு மேல். மாடுலேட்டர் போட்டவர்கள் ஜாவியில் நெடுஞ்சாலை ஏறிப் பிறை வரை போய், வழியில் வேறு குரல் நுழைகிறதா என்று கேளுங்கள். நுழைந்தால் மாடுலேட்டரின் எண்ணை மாற்றுங்கள். பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரு சிறிய சுவிட்ச் உண்டு.

தட்டுகள்

பாசார் மாலாமில் வாங்கிய எம்பி3 தட்டு, நூறு பாட்டு என்று உறையில் போட்டிருக்கும்; பழைய சேஞ்சர் அதைத் தொடவே தொடாது. வழக்கமான ஆடியோ சிடியாக எழுதிய தட்டுதான் பாடும். வீட்டில் எழுதும்போது ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர் வாங்குங்கள். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ லேசர் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். பழைய சேஞ்சருக்கு அந்த வெளிச்சம் போதாது. தட்டின்மேல் காகித லேபிள் ஒட்டவே கூடாது. வெயிலில் அது ஓரம் கிளம்பி மேகசினுக்குள் ஒட்டிக்கொள்ளும். பெயரை எழுத வேண்டுமென்றால் நடுவளையத்தில் மார்க்கரால் எழுதுங்கள்.

ஒரு தட்டின் கடைசிப் பாட்டுகள் மட்டும் திக்கினால் தட்டின் மேல் சந்தேகப்படுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, வளைவும் கைரேகையும் வெளி ஓரத்தில்தான் அதிகம். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. எல்லாத் தட்டும் திக்கினால் லென்ஸில் தூசி இருக்கலாம். பெட்டியைத் திறக்கும்போது மின்சாரம் கட்டாயம் துண்டித்திருக்க வேண்டும். 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, அழுத்தாமல் ஒரு முறை தொட்டு எடுத்தால் போதும்.

மேகசின் உள்ளே சிக்கிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். தட்டு ஒன்று பாதி வெளியே வந்து நிற்கும். நெம்பினால் தட்டும் போகும், தூக்கும் சட்டமும் போகும். பேட்டரியைக் கழற்றி மாட்டி, சாவியைத் திருப்பி, பாட்டை நிறுத்திவிட்டு எஜெக்ட் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெட்டியைக் காரிலிருந்து கழற்றி, மேல் மூடியை எடுத்து, பாதியில் நிற்கும் தட்டைக் கையால் மேகசினுக்குள் தள்ளிவிட்ட பிறகே மேகசினை இழுக்க வேண்டும்.